மிஸ்னா கீழே வைத்த கோப்பை

கரக் மலைக்குத் தெற்கே, சாக்கடலைப் பார்த்த சரிவில் இருக்கிற ஊர்களில் ஜமீது என்றால் அது மிஸ்னா வீட்டு ஜமீதுதான். ஆட்டுத் தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுத்து, மிச்சத்தைத் துணியில் வடித்து, உப்புப் போட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்து மொட்டை மாடியில் காயவைக்கிற வேலை. கேட்கச் சுலபம். செய்து பார்த்தால்தான் இடுப்பு என்ன பாடுபடும் என்று தெரியும். தலைநகரம் அம்மானில் ஒரு மந்திரி வீட்டுக் கல்யாணத்துக்கு இவள் உருண்டைகளைக் கரைத்துத்தான் கறி வேகவைத்தார்களாம். மிஸ்னாவிடம் கேட்டால், "கேட்டாங்க, குடுத்தேன்" என்பதோடு சரி.

பனி விலகி ஆடுகள் நன்றாகக் கறக்க ஆரம்பித்ததும் தெருப் பெண்கள் அவள் முற்றத்தில் கூடிவிடுவார்கள். கை பாட்டுக்குப் பிசையும், வாய் பாட்டுக்குப் பேசும். தீவன விலை, ரொட்டி விலை, நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போகும் தினார் எல்லாம் அங்கே அலசப்படும். பக்கத்து வீட்டு ஃபித்தா இருக்கிறாளே, அவள் ஆரம்பித்தால் மந்திரிசபை மொத்தமும் காதைப் பொத்திக்கொள்ளவேண்டும். அத்தனை பேச்சுக்கும் நடுவில் மிஸ்னா மட்டும் அரசாங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

காரணம் ஊருக்கே தெரியும். அவள் கணவன் அவ்வாத் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன். தடை செய்யப்பட்ட ஒரு கட்சியில் சேர்ந்தான். சேர்ந்ததோடு நிற்காமல் நோட்டீஸும் ஒட்டினான். பாலைவனச் சிறையில் அடைத்தார்கள். வெளியே வரும்போது நெஞ்சு முழுக்கச் சளியோடு வந்தான், இரண்டு குளிர்காலம் தாண்டவில்லை. மிஸ்னாவின் கையில் மிஞ்சியது ஆடுகளும் ருவைதா என்கிற மகளும்தான். மகளை ஆளாக்கும்வரை நாக்கைக் கட்டிப்போடுவது என்று அன்றே முடிவு செய்துவிட்டாள்.

ருவைதாவும் சும்மா வளரவில்லை. கணக்கில் அந்த மாவட்டத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆசிரியர் பயிற்சி முடித்தாள். பக்கத்து ஊர்ப் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர் இடம் காலியாயிற்று, தலைமை ஆசிரியையே அவளைக் கேட்டு எழுதினார். ராணுவச் சட்டம் அமலில் இருந்த காலம் அது. வாத்தியார் வேலையோ பாஸ்போர்ட்டோ டாக்சி லைசென்ஸோ, எதுவானாலும் உளவுத்துறை தலையசைத்தால்தான் உண்டு. நகரத்து மேட்டில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு கட்டடம் இருந்தது. அங்கிருந்து பதில் வந்தது, ருவைதாவை நியமிக்க ஆட்சேபம் உண்டு என்று. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. செத்த மனிதனை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த வாரத்திலேயே மேட்டுக் கட்டடத்திலிருந்து சார்ஜண்ட் குலைஃப் வந்து கதவைத் தட்டினான். குலைஃப் வேற்றாள் இல்லை, ஃபித்தாவின் தங்கை புருஷன். அதனாலோ என்னவோ, அவனால் மிஸ்னாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மகள் பேரோடு 'உம்மு', அதாவது அம்மா, என்று சேர்த்து மரியாதையாகத்தான் கூப்பிட்டான்.

"மேஜர் கூப்பிட்டாரு உம்மு ருவைதா. வந்து ஒரு காப்பி குடிச்சிட்டுப் போகச் சொன்னாரு."

அந்தக் காப்பி என்ன காப்பி என்று அந்த நாட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதைக் குடிக்கப் போனவர்களில் சிலர் சாயங்காலம் திரும்பினார்கள், சிலர் மூன்று வருஷம் கழித்துத் திரும்பினார்கள். உண்மையில் அங்கே காப்பி கொடுப்பதும் கிடையாது. அவ்வாத் இருந்த நாளில் மிஸ்னா இரண்டு தடவை போயிருக்கிறாள். முன்னே இருந்த அதிகாரி ஒரு கண்ணாடிக் கிளாஸில் ஆறிப்போன டீயைத் தள்ளிவிட்டுக் கத்துவான். ருவைதா நானும் வருகிறேன் என்று கிளம்பினாள். "நீ வந்தா உன்னையும் உக்கார வச்சுருவாங்க. தயிரு புளிச்சுடும், அதைப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள் மிஸ்னா. காலைப் பிடித்தாவது மகளுக்கு அந்த வேலையை வாங்கிவிடவேண்டும் என்ற எண்ணத்தோடுதான் அந்த மேட்டில் ஏறினாள். இதையும் சொல்லிவிடவேண்டும். பின்னால் ஊர் அவளை ஏதோ வாளோடு போனவள் மாதிரி பேசியது. அவள் கெஞ்சத்தான் போனாள்.

புது மேஜர் நவ்வாஃப் வேறு தினுசு. அதிகாரிகளைப் பெயரோடு 'பே' சேர்த்துத்தான் கூப்பிடவேண்டும், இவரோ தானே எழுந்து நின்று, "வாங்க பெரியம்மா, உக்காருங்க" என்றார். அறையில் ஒட்டக ரோமக் கம்பளம், மூலையில் கரியடுப்பு, அதன்மேல் நீள மூக்குப் பித்தளைக் கெண்டி. சுவரில் அவருடைய தாத்தா, மடியில் துப்பாக்கியோடு கூடாரத்தின் முன்னால். தான் வெறும் உத்தியோகஸ்தன் இல்லை, பெரிய வீட்டுப் பேரன் என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவதில் மனிதருக்கு அப்படியொரு ஆசை.

"எங்க தாத்தாகிட்ட காரியமா வந்தவன் எவனும் வெறுங்கையோட திரும்பினதில்ல பெரியம்மா. சொந்தத் தம்பியைக் கொன்னவனே வந்து கோப்பையைக் கீழ வச்சான். 'குடிடா, உன் உயிர் உன்னுது'ன்னு அனுப்பிட்டாரு. எங்க வீட்ல குடிக்காம ஆறின கோப்பைன்னு ஒண்ணு கிடையாது."

"பெரிய மனுஷங்க" என்றாள் மிஸ்னா.

குலைஃப் கெண்டியை எடுத்தான். "குடு இங்க" என்று மேஜர் வாங்கிக்கொண்டார். இடது கையில் கெண்டி, வலது கையில் பிடியில்லாத சின்னக் கோப்பை. அடியில் கொஞ்சமாக ஊற்றி, முறைப்படி வலது கையால் நீட்டினார். மிஸ்னா வாங்கிக்கொண்டாள். ஏலக்காய் வாசனை தூக்கியது. மேஜர் விஷயத்துக்கு வந்தார்.

"உங்க பொண்ணு தங்கம். அப்பா பண்ணினதுக்கு அது என்ன பண்ணும்? எனக்கே மனசு கேக்கல. என் ஒரு கையெழுத்து, நாளைக்கே வேலையில சேரலாம். ஆனா நீங்களும் நம்ம பக்கம் கொஞ்சம் நிக்கணும்ல?"

"நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணவேணாம். உங்க முற்றத்துல அத்தனை பொம்பளைங்க கூடுறாங்க. பொம்பளைங்களுக்குத் தெரியாத விஷயம் உண்டா? யாரு புள்ள யாரோட சுத்துறான், யாரு வீட்டுக்கு வெளியூரு ஆளு வந்து போறான்... மாசம் ஒருதரம் இங்க வந்து, இதே மாதிரி ஒரு காப்பி குடிச்சிட்டு, பேசிட்டுப் போங்க. ஊருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது."

வாய்வரை போன கோப்பை நின்றது. மிஸ்னா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எதிரே இருந்த தாழ்ந்த மேசையில், தனக்கு முன்னால், மெதுவாக வைத்தாள். யோசித்துச் செய்யவில்லை. கை தானாக இறங்கியது.

"சூடா இருக்கா?"

"இல்ல."

"ஏலம் தூக்கலோ?"

"காப்பி நல்லாத்தான் இருக்கும். எனக்கு ஒரு காரியம் ஆகணும், நவ்வாஃப் பே."

கதவருகே நின்ற குலைஃபுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெண் கேட்டுப் போகும்போதும், கொலைப் பகை தீர்க்கப் போகும்போதும் கூட்டத்தின் பெரியவர் செய்கிற காரியம் அது. ஊற்றிய காப்பியைத் தொடாமல் முன்னால் வைப்பார். "உன் காரியம் முடிந்தது, குடி" என்று வீட்டுக்காரன் சொல்லும்வரை எடுக்கமாட்டார். குடிக்காமல் எழுந்து போனால் அந்த வீட்டுக்காரன் பேர் கெட்டது, பேரன் காலம்வரை சொல்லிக்காட்டுவார்கள். மந்திரிகள் அப்படி வைத்துப் பார்த்திருக்கிறார்கள், ஷேக்குகள் வைத்திருக்கிறார்கள். ஒரு பெண்பிள்ளை வைத்து அங்கே யாரும் கண்டதில்லை. அதுவும் இந்த அறையில்.

மேஜர் சிரித்தார். "அது ஆம்பளைங்க சமாச்சாரம் பெரியம்மா."

"எங்க வீட்ல ஆம்பளை இல்ல. இருந்த ஒருத்தரையும் நீங்கதான் உள்ள வச்சிருந்தீங்க."

சிரிப்பு பாதியில் நின்றது. "இது ஆபீஸு. வீடு இல்ல."

"அப்ப டீ குடுத்திருக்கணும். முன்ன இருந்தவரு அப்படித்தான் குடுப்பாரு. நீங்க உங்க தாத்தா பேரைச் சொல்லி, உங்க கையால ஊத்தினீங்க. நான் விருந்தாளிங்க."

என்ன இருந்தாலும் அவள் சொன்னது நியாயம். அதிகாரத்தை அதிகாரமாகவே வைத்திருந்தால் அவளால் அசைத்திருக்க முடியாது. அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கூடாரத்து ஷேக்கின் மரியாதையும் வேண்டும் என்றால் எப்படி?

"சரி, என்ன காரியம்? பொண்ணு வேலைதானே? அதான் தரேங்கறேனே."

"பொண்ணுக்கு வேலை. அதுக்குப் பதில்னு என்கிட்ட யாரைப் பத்தியும் கேக்கக் கூடாது. இன்னைக்கும் கேக்கக் கூடாது, என்னைக்கும் கேக்கக் கூடாது."

"இது ரெண்டு காரியமாச்சே."

"ஒண்ணுதான். ஒண்ணைக் குடுத்து ஒண்ணை வாங்கினா அது வியாபாரம். உங்க தாத்தா வியாபாரமா பண்ணினாரு?"

மேஜருடைய முகம் சிவந்தது. "எடுத்துட்டுப் போடா இதை" என்று குலைஃபைப் பார்த்துக் கத்தினார். குலைஃப் ஒரு அடி முன்னால் வந்தான். கோப்பையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சுவரில் இருந்த கிழவரைப் பார்த்தான். ஐந்து பிள்ளைக்காரன், இந்தச் சம்பளத்தை நம்பி இருக்கிறவன்.

"கை நடுங்குதுங்க ஐயா. கம்பளத்துல கொட்டிருவேன்."

அவன் கை கல் மாதிரி நின்றது. மேஜருக்கும் அது தெரிந்தது.

மகளுக்கு வந்த வேலையைத் தன் வாயாலேயே தட்டிவிட்டோமோ என்று மிஸ்னாவுக்குப் பயம்தான். ருவைதா ராத்திரி பகலாகப் படித்ததெல்லாம் கண்முன் வந்தது. ஆனாலும் கை கோப்பைப் பக்கம் போகவில்லை. முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"நான் வரேங்க. உங்க தாத்தாவுக்கு என் சலாம்."

அவள் கதவுவரை போயிருப்பாள். "உக்காருங்க" என்றார் மேஜர். குரல் மாறியிருந்தது. பேனாவை எடுத்து இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு, பக்கத்து அறைக்குக் கேட்டுவிடுமோ என்பது மாதிரி மெல்லச் சொன்னார்.

"காரியம் முடிஞ்சது. ரெண்டும்தான். குடிங்க."

மிஸ்னா உட்கார்ந்து குடித்தாள். ஆறிப்போய் வேப்பங்காயாகக் கசந்தது. மேஜர் கெண்டியை எடுத்து இரண்டாவது தடவை ஊற்ற வந்தார். அவள் கோப்பையை நீட்டி விரல்களுக்கு நடுவே லேசாக ஆட்டினாள். போதும், இனி ஊற்றவேண்டாம் என்று அதற்கு அர்த்தம்.

"ஒண்ணு மட்டும்" என்றார் மேஜர். "இங்க நடந்தது வெளிய போகக்கூடாது. உங்க வாயால ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. வாக்குக் குடுங்க."

கொடுத்தாள். அவர் தன் பங்கைச் செய்துவிட்டார், தன் பங்கை அவள் செய்யவேண்டும் அல்லவா? அந்த வாக்குக்கு என்ன விலை என்று மேட்டிலிருந்து இறங்கும்போது அவளுக்குத் தெரியாது.

அடுத்த வாரமே ருவைதாவுக்கு உத்தரவு வந்தது. ஊர் கணக்குப் போட்டுப் பார்த்தது. அவ்வாத்துடைய மகள், ஆட்சேபம் இருந்தது, அம்மா மேட்டுக்குப் போய்க் காப்பி குடித்தாள், ஆட்சேபம் போய்விட்டது. இதற்குக் கணக்கு டீச்சர் வேண்டாம், யாரும் போட்டுவிடலாம். அந்தக் கட்டடம் எதையும் சும்மா கொடுத்ததில்லை. மிஸ்னா எதைக் கொடுத்தாள்? எங்களைக் கொடுத்தாள், என்றது ஊர்.

யாரும் நேரில் கேட்கவில்லை. சண்டை போடவில்லை, வராமலும் இருக்கவில்லை. பெண்கள் வழக்கம்போல முற்றத்துக்கு வந்தார்கள், வழக்கம்போலப் பிசைந்தார்கள். பேச்சு மட்டும் மாறிவிட்டது.

"இந்த வருஷம் மழை பரவால்ல."

"அரசாங்கமும் பாவம், அதால முடிஞ்சதைப் பண்ணுது."

"ரொட்டி விலை ஏறினா என்ன? கொஞ்சமாத் தின்னா உடம்புக்கு நல்லதுதானே?"

"மந்திரி நல்ல மனுஷன்" என்றாள் ஃபித்தா, தலை நிமிராமல். "அவரு முகத்துல ஒரு களை இருக்கு."

அதே மந்திரியைப் போன வருஷம் சொறி பிடித்த ஒட்டகம் என்று இதே இடத்தில் சொன்னவள் ஃபித்தா. அந்த நாட்டில் ஒருவர்மேல் உளவாளி என்ற சந்தேகம் விழுந்தால் அவர் முன்னால் எல்லோரும் இப்படித்தான் அரசாங்கத்தைப் புகழ ஆரம்பிப்பார்கள். நேரில் திட்டுவதைவிடக் கொடுமை அது. ஒவ்வொரு புகழ்ச்சியும் கன்னத்தில் அறைகிற மாதிரி மிஸ்னாவுக்கு விழுந்தது. உப்பைக் கூடப் போட்டாள், உருண்டை வெடித்துப் போயிற்று. யாரும் சிரிக்கக்கூட இல்லை.

ஒரு சாயங்காலம் ருவைதா பள்ளியிலிருந்து வந்து பையைக்கூட வைக்காமல் நின்றாள்.

"அம்மா, டீச்சருங்க ரூம்ல நான் நுழைஞ்சா பேச்சு நின்னுடுது. நான் வேலையை விட்டுடறேன்."

"விட்டா அவங்க நினைச்சது நிஜம்னு ஆயிடும். நாளைக்கும் போ."

"நீ ஏதாச்சும் குடுத்தியாம்மா?"

ஊர் முழுக்கக் கேட்டிருந்தாலும் மிஸ்னா தாங்கியிருப்பாள். மகள் கேட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "உங்கப்பா கப்ருக்குழிமேல சத்தியமா இல்ல. அதுக்கு மேல என்கிட்ட கேக்காத. நான் வாக்குக் குடுத்திருக்கேன்" என்றாள். ருவைதா அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. இந்த வீட்டில் அவ்வாத்தும் இப்படித்தான் இருந்தான். சிறையில் யார் யார் பேரைச் சொல்லச் சொன்னார்கள் என்று பெண்டாட்டியிடம்கூட அவன் சொல்லவில்லை.

மேஜருக்குச் சொல்ல ஒருவரும் இல்லாமல் போயிற்று போலும், ஒரு விஷயத்தை அவர் மறந்துவிட்டார். ஊர் முழுக்க என்ன பேசுகிறது என்று காது வைத்துக் கேட்கிற அறையில், பேசாமல் நிற்கிற ஒரு சார்ஜண்டுக்கும் காது இருக்கும். குலைஃப் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அவனிடம் யாரும் கேட்கவே இல்லை. கெண்டி பிடிக்கிறவனை யார் மனிதனாக நினைத்தார்கள்? கொஞ்ச நாள் அடக்கிக்கொண்டான். அப்படியொரு காட்சியைப் பார்த்துவிட்டு எவ்வளவு நாள் அடக்குவது? பெண்டாட்டியிடம் சொன்னான், யாரிடமும் சொல்லாதே என்று. அவள் அக்காவிடம் சொன்னாள், யாரிடமும் சொல்லாதே என்று. அக்கா ஃபித்தா.

மறுநாள் காலை ஃபித்தா முற்றத்துக்கு வந்தபோது அவள் கண் வீங்கியிருந்தது. சலாம் சொல்லவில்லை. கையை மடித்துவிட்டுக்கொண்டு, மிஸ்னாவை ஒட்டினாற்போல உட்கார்ந்து, தயிர்க்கட்டியில் இரண்டு கையையும் விட்டாள்.

"அந்த மந்திரி இருக்கானே" என்று ஆரம்பித்தாள், "சொறி பிடிச்ச ஒட்டகம். அவன் வாயில தீவனத்தை வச்சாத்தான் அதோட விலை தெரியும் அவனுக்கு."

ஒருத்தி முழங்கையால் ஃபித்தாவை இடித்தாள். இன்னொருத்தி கண்ணால் மிஸ்னாவைக் காட்டினாள்.

"என்ன இடிக்கிற? எல்லாம் தெரிஞ்சுதான் பேசறேன். தினாரு தினாருங்கறாங்க, அதை வச்சு மூக்கைக்கூடத் துடைக்க முடியல. அப்புறம் அந்த மேட்டுல உக்காந்திருக்கானுங்களே, அவனுங்க காதுல நல்லா விழட்டும்னுதான் சத்தமாச் சொல்றேன்."

ஃபித்தாவின் வாய் நிற்கவில்லை. அவள் சும்மா பேசுகிறவள் இல்லை என்பது தெரிந்ததும் மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி தயங்கித் தயங்கி ரொட்டி விலையை ஆரம்பித்தாள். அடுத்தவள் மந்திரி பெண்டாட்டியின் நகையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மொத்த முற்றமும் அரசாங்கத்தைக் கிழித்துத் தோரணம் கட்டியது. மிஸ்னாவுக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கண்ணீர் தயிரில் விழுந்துவிடாமல் முக்காட்டு நுனியால் துடைத்துத் துடைத்துப் பிசைந்தாள். அவளிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

"ஃபித்தா..." என்றாள் மிஸ்னா கடைசியில். "நான் வந்து..."

"நீ ஒண்ணும் சொல்லாத" என்றாள் ஃபித்தா. "நீ வாக்குக் குடுத்தவ. நாங்க குடுக்கல. நாங்க பேசறோம், நீ கேளு."